தனியாக ஆடுவது என்றால் மேடையில் யார் கையில் என்ன இருக்கிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு 14 வயது. ஏழு ஆண்டுகளாகப் பரதநாட்டியம் கற்கிறாள், இதுவரை குழுவில் மட்டுமே ஆடியிருக்கிறாள். இப்போது சிதம்பரத்தில் ஒரு விழாவில் அவளுக்குத் தனியாக 20 நிமிடம் கிடைத்திருக்கிறது, நேரடி இசையோடு. ஏற்கெனவே தெரிந்த உருப்படிகள்தானே, தனியாகப் பயிற்சி எதற்கு என்பது அவர் கேள்வி. மகன் மிருதங்கம் பயில்கிறான்; புதுச்சேரியில் ஒரு சிறு கச்சேரியில் முதல் முறையாக ஐந்து நிமிடம் தனி ஆவர்த்தனம் வாசிக்கப் போகிறான், அதாவது பாட்டை நிறுத்தி மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்களுக்கு மட்டும் விடும் பகுதி. அந்த நேரத்தில் பாடகர் சும்மா உட்கார்ந்திருப்பாரே, அப்போது தனிக் கலைஞர் யார் என்று இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. ஐந்தாறு பேர் சேர்ந்து நடத்தும் நிகழ்ச்சியில் ஒருவரை மட்டும் ‘தனி’ என்கிறோம். அவர் கையில் அப்படி என்னதான் இருக்கிறது?

முடிவெடுக்கும் பொறுப்பு இருக்கிறது. குழு நடனத்தில் எல்லா முடிவுகளும் ஒத்திகையிலேயே முடிந்துவிடும். வரி எத்தனை முறை, எந்த முறையில் யார் முன்னால் வருவது, எங்கே வட்டம், எங்கே நேர்வரிசை என்று எண்ணி வைத்ததை மேடையில் பிசகாமல் செய்தால் போதும். ஒருத்தி மறந்தால் பக்கத்தில் நிற்பவளைப் பார்த்துச் சமாளிக்கலாம். தனியாக ஆடும்போது சில முடிவுகள் மேடைக்கென்று மிச்சம் வைக்கப்படுகின்றன. அந்த முடிவுகளை எடுப்பதோடு வேலை முடியாது. பாடுபவர், கைத்தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லி நட்டுவாங்கம் செய்பவர், மிருதங்கக்காரர் மூவரும் அதே கணத்தில் புரிந்துகொள்ளும்படி உடம்பால் சொல்லவும் வேண்டும். குழுவில் நன்றாக ஆடும் பிள்ளைகள் தனியாக வந்ததும் தடுமாறுவது இந்த இரண்டாவது வேலையில்தான். அடவில், அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவுகளில், தடுமாறுவது அதைவிடக் குறைவு.

ஒரு வரியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். ‘தோழி, அவரை அழைத்து வா’ என்று ஒரு பதத்தின் (அபிநயத்துக்கான மெதுவான பாட்டு) வரி, எட்டு அட்சரம் (தாள எண்ணிக்கை) கொண்ட ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம் (ஒரு முழுச் சுற்று), ஏறத்தாழ 10 விநாடி என்று வையுங்கள். முதல் இரண்டு முறையும் சொல்லுக்குச் சொல் முத்திரை: தோழியைக் கூப்பிடும் கை, ‘அவர்’ என்று காட்டும் கை, ‘வா’ என்ற அழைப்பு. மூன்றாவது முறையிலிருந்து சஞ்சாரி. அதாவது அந்த வரிக்குள் ஒளிந்திருக்கும் கதையை விரிப்பது. அவர் வருவதாகச் சொன்ன நேரம், ஏற்றி வைத்த விளக்கு, எண்ணெய் தீர்ந்து திரி கருகியது என்று போகலாம். பாடுபவர் அதே வரியைச் சங்கதி (மெட்டின் சிறு வேறுபாடு) மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டே இருப்பார். ஐந்து முறையா எட்டு முறையா என்பது ஆடுபவர் கையில். எட்டு முறை என்றால் 80 விநாடி. ஒரே வரியில் சபையை நிறுத்தி வைக்க அது நீண்ட நேரம். முடிக்க நினைக்கும்போது, அடுத்த முறை வரி தொடங்குகிற இடத்தில் மறுபடியும் சொல்லுக்குச் சொல் முத்திரைக்குத் திரும்ப வேண்டும். ‘இந்த முறையோடு போதும்’ என்பதற்கு அதுதான் அடையாளம். நட்டுவாங்கம் செய்பவர் அதைப் பார்த்ததும் அடுத்த ஜதிக்கோ (தாளச் சொற்கட்டு) அறுதிக்கோ (வரியை முடிக்கும் சிறு அடவுக் கோவை) தயாராவார், பாடுபவர் அடுத்த வரியை எடுப்பார்.

இதில் நடக்கும் தவறுகள் மூன்று வகை. சஞ்சாரியை ஆவர்த்தனத்தின் நடுவில் முடித்துவிட்டு மிச்ச அட்சரங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் நிற்பது ஒன்று. முத்திரைக்குத் திரும்புவது தெளிவாக இல்லாததால் பாடுபவர் பத்து முறை, பன்னிரண்டு முறை பாடிக்கொண்டே போவது இன்னொன்று. மூன்றாவதும் மோசமானதும், ‘நிறுத்தலாமா’ என்று நட்டுவாங்கத்தின் பக்கம் திரும்பிப் பார்ப்பது. அந்த ஒரு பார்வையில் நாயகி மறைந்து, பயந்த மாணவி தெரிந்துவிடுவாள். இதற்கு வீட்டிலேயே பயிற்சி செய்யலாம். நீங்கள் வரியைத் திரும்பத் திரும்பப் பாடுங்கள். சுருதி சுத்தமாக இருக்க வேண்டியதில்லை, தாளம் சரியாக இருந்தால் போதும். ஒரு நாள் அவள் நான்கு முறையில் முடிக்கட்டும், மறுநாள் ஆறு, அடுத்த நாள் எட்டு. எத்தனை என்று உங்களிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. அவள் கையைப் பார்த்தே நீங்கள் அடுத்த வரிக்குப் போக வேண்டும். ஒரு வாரம் உங்களால் தவறாமல் கண்டுபிடிக்க முடிந்தால் மேடையில் இருப்பவர்களுக்கும் புரியும்.

இன்னொரு கடினமான வேலை, ஒரே உடம்பில் இரண்டு மூன்று பேரைக் காட்டுவது. ஒருவரே எல்லாப் பாத்திரங்களையும் ஏற்று ஆடுவதை ஏகஹார்யம் என்பார்கள். பரதத்தின் தனி மரபு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. குழுவில் கிருஷ்ணனாக ஒருத்தி, யசோதையாக ஒருத்தி என்று பிரித்து ஆடிய பிள்ளைக்கு இது புதிது. இதில் பார்வைதான் முக்கியம். நாயகியாக இருக்கும்போது தோழி வலது முன்மூலையில், தன் கண் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், தோழியாக மாறியதும் பார்வை இடது பக்கம், அதே உயரத்தில் போக வேண்டும். இரண்டு பேரும் வலது பக்கமே பார்த்தால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று சபைக்குப் புரியாது. குழந்தையோடு பேசினால் தாயின் கண் இடுப்பு உயரத்துக்கு இறங்கும், குழந்தையின் கண் மேலே ஏறும். பாத்திரம் மாறும் இடத்தில் ஒரு சுற்றோ ஓர் அடி பின்வாங்கலோ வேண்டும். சுவரில் பொட்டு ஒட்டி, ‘இது தோழி, இது நாயகி’ என்று குறித்து வைத்துப் பழகினால் பத்து நாளில் கண் நிலைக்கும்.

20 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது என்பது ஆசிரியரின் முடிவு. ஆனாலும் கணக்கு தெரிந்திருப்பது நல்லது. தொடக்கத்தில் வரும் அலாரிப்பு அல்லது புஷ்பாஞ்சலிக்கு 4 முதல் 5 நிமிடம், ஒரு கீர்த்தனம் அல்லது பதத்துக்கு 8 முதல் 9, முடிவில் வரும் தில்லானாவுக்கு 6. உருப்படிகளுக்கு இடையில் மூச்சு வாங்கவும் அறிவிப்புக்கும் ஒன்றரை நிமிடம் போய்விடும். ஜதியும் அபிநயமும் மாறி மாறி வரும் பெரிய உருப்படியான வர்ணத்தை முழுதாக ஆட 30 நிமிடத்துக்கு மேல் ஆகும், அதை வெட்டிச் சுருக்கி 20 நிமிடத்துக்குள் அடைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். மூன்று காலத்தில் (வேகத்தில்) வரும் முதல் தீர்மானத்தை (ஜதிக்கு ஆடும் அடவுக் கோவை) ஆடி முடித்து, நெஞ்சு ஏறி இறங்கும் நிலையிலேயே முகத்தில் பாவத்தைக் கொண்டுவருவது வளர்ந்தவர்களுக்கே கடினம். மூச்சு அடங்க வர்ணத்தில் இடம் இருக்கிறது, சுருக்கிய வர்ணத்தில் அந்த இடம்தான் முதலில் காணாமல் போகும். எதை ஆடினாலும் 20 நிமிடத்தையும் இடைவிடாமல், சலங்கையோடு, வாரம் மூன்று முறை ஆடிப் பார்க்க வேண்டும். குழுவில் ஆடுபவளுக்குப் பின்வரிசையில் நிற்கும்போது ஓய்வு கிடைத்திருக்கும். இங்கே அது கிடையாது.

மேடைக்கு வருவோம். கோயில் பிராகாரத்திலோ திறந்தவெளியிலோ ஆடும்போது ஒலி ஏமாற்றும். எதிரே 50 மீட்டரில் மதில் இருந்தால், பெரிய ஸ்பீக்கரின் ஒலி போய்த் திரும்ப 100 மீட்டர், ஏறத்தாழ 0.3 விநாடி. நிமிடத்துக்கு 75 அட்சரம் ஓடும் காலப்பிரமாணத்தில் (வேகத்தில்) ஓர் அட்சரம் 0.8 விநாடி. எதிரொலியைக் கேட்டு ஆடினால் அரை அட்சரத்துக்குச் சற்றே குறைவாக, ஒவ்வொரு தட்டும் பின்தங்கும். ஆடுபவளுக்கு அது தெரியாது, தான் சரியாக ஆடுவதாகவே நினைப்பாள். மேடை ஓரத்தில் ஆடுபவரை நோக்கித் திருப்பி வைக்கும் மானிட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். அதில் பாட்டைவிட நட்டுவாங்கத் தாளமும் மிருதங்கமும் சற்றுத் தூக்கலாகக் கேட்க வேண்டும். ஒலியமைப்பாளரிடம் இதை யாராவது போய்ச் சொன்னால்தான் நடக்கும். அந்தப் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக் கடற்காற்று மிருதங்கத்துக்கு ஆகாது. மாலையில் ஈரம் ஏறும்போது தோல் தளர்ந்து வலந்தலையின் (வலது முகம்) சுருதி இறங்கும். வெளிச்ச விளக்குகளின் சூட்டில் காய்ந்தால் ஏறும். வண்டியிலிருந்து இறக்கியவுடன் சுருதி சேர்த்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மேடையிலேயே அரை மணி நேரம் வைத்திருந்து, தொடங்கும் முன் மறுபடி கல்லும் கட்டையும் எடுத்துச் சேர்க்க வேண்டும். தொப்பிக்கு (இடது முகம்) வைக்கும் ரவை காற்றில் சீக்கிரம் காய்ந்து உதிரும். ஈரத்துணி பக்கத்தில் இருக்கட்டும். பாடுபவரின் சுருதியையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெண்குரல் 5 கட்டை (சுருதியின் அளவு) என்றால் ஒரு மிருதங்கம், ஆண்குரல் 1 கட்டை என்றால் அதைவிடப் பெரிய வேறு மிருதங்கம். ஒன்றை வைத்து இரண்டையும் சமாளிக்க முடியாது.

இனி மகனின் தனி ஆவர்த்தனம். பாடகர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நீங்கள் சொன்னதைத்தான் முதலில் திருத்த வேண்டும். அவர் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கை நின்றால், வாசிப்பவர் எங்கே இருக்கிறார் என்று சபைக்கும் தெரியாது, கடம் வாசிப்பவருக்கும் தெரியாது. நடுவில் தண்ணீர் குடிக்கவோ சுருதிப்பெட்டியைத் திருகவோ தாளத்தை விடும் பாடகர் தன் கடமையில் தவறுகிறார் என்றே சொல்வேன். எந்தப் பாட்டில், எந்த வரியில், எவ்வளவு நேரம் தனி என்று தீர்மானித்தவரும் அவரே. அந்த வரியைப் பாடி மிருதங்கத்தின் பக்கம் திரும்பி விட்டுக்கொடுக்கிறார். வாசித்து முடிக்கும்போது அதே வரியின் எடுப்பில் (தாளத்தில் வரி தொடங்கும் இடம்) வந்து சேர்ந்தால் அவர் பிடித்துக்கொள்வார். ஆக, அந்த ஐந்து நிமிடத்துக்குத் தனிக் கலைஞர் உங்கள் மகன்தான். கூடவே அவன் பாட்டுக்குக் கடன்பட்டவனும். கடனைத் தீர்க்கும் இடம் எடுப்பு.

முதல் தனியில் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்கும் இடமும் அதுவே. கணக்கோடு சொல்கிறேன். ஆதி தாளம், ஒரு களை (எண்ணிக்கை ஒன்றுக்கு ஓர் அட்சரம்), சதுஸ்ர நடை (நான்காகப் பிரிப்பது): அட்சரத்துக்கு 4 மாத்திரை, ஆவர்த்தனத்துக்கு 32. பாட்டு சமத்தில் (தாளத்தின் முதல் தட்டு) எடுத்தால், சமத்தில் தொடங்கி இரண்டு ஆவர்த்தனம் ஓடும் கோர்வை (தனியை முடிக்கும் கணக்கு) 64 மாத்திரை. ஆனால் பல கீர்த்தனங்கள் சமம் தள்ளி அரை இடத்தில் எடுக்கின்றன. அதாவது 2 மாத்திரை கழித்து. அப்போது கோர்வை 66 ஆக வேண்டும். எளிய வழி: 12 மாத்திரையில் ஒரு சொற்கட்டு, அதன்பின் ‘ததிங்கிணதொம்’ இரண்டு முறை 5+5. மொத்தம் 22. அதை மூன்று முறை வாசித்தால் 66. வகுப்பில் சமத்துக்கான 64 கோர்வையை மட்டும் பாடம் செய்துவிட்டு, அரை இடப் பாட்டுக்கும் அதையே வாசித்தால் மிருதங்கம் சமத்தில் முடிந்து நிற்கும், பாட்டு வர இன்னும் 2 மாத்திரை இருக்கும். அந்தச் சிறு பள்ளம் சபையில் எல்லோருக்கும் கேட்கும்.

கோர்வையை மூன்று தடவை வாசிப்பது வழக்கம். 66-ஐச் சமத்தில் தொடங்கி வாசித்தால், முதல் தடவை முடிந்தபின் அடுத்த சமத்துக்கு 30 மாத்திரை மிச்சம் இருக்கும். அதைச் சர்வலகுவாக (தாளத்தோடு சீராக ஓடும் எளிய வாசிப்பு) நிதானமாக வாசித்து நிரப்ப வேண்டும். பதற்றத்தில் பிள்ளைகள் ஓடுவது இந்த 30-இல்தான். கோர்வையைச் சரியாக எண்ணியவன் நிரப்பும் இடத்தை எண்ணாமல் விடுவான், இரண்டாவது தடவை அரை அட்சரம் முன்னாலேயே தொடங்கிவிடும். வாயால் சொல்லிக் கையால் தாளம் போட்டு, கோர்வை, நிரப்பல், கோர்வை, நிரப்பல், கோர்வை, உடனே பாட்டின் வரி என்று மிருதங்கத்தைத் தொடாமலே நாளுக்கு இருபது முறை சொல்லட்டும். நேரத்துக்கும் கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 75 அட்சரம் என்றால் ஓர் ஆவர்த்தனம் 6.4 விநாடி, 5 நிமிடத்தில் 46 ஆவர்த்தனத்துக்குச் சற்று அதிகம்தான் கிடைக்கும். கோர்வைக்கு மட்டும் 8 ஆவர்த்தனம் போய்விடும், அதற்கு முன் வரும் மோராவுக்கும் (கோர்வைக்கு முந்திய முடிப்புச் சொற்கட்டு) இடம் விட வேண்டும். கடமும் இருந்தால் மிச்சத்தை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். தெரிந்ததையெல்லாம் வாசிக்க நேரம் இருக்காது. ஒரு நடையை எடுத்து ஒழுங்காக வளர்த்து, குறைப்பு, மோரா, கோர்வை என்று போவது இந்த வயதுக்கு அழகு.

குறைப்பு என்பதும் பேச்சு மாதிரிதான். மிருதங்கம் இரண்டு ஆவர்த்தனம் வாசித்தால் கடம் இரண்டு, பிறகு ஒன்றுக்கு ஒன்று, அரைக்கு அரை, காலுக்குக் கால். பாடகரும் வயலினும் கற்பனைஸ்வரத்தில் (மேடையிலேயே கற்பனையாக எடுக்கும் ஸ்வரங்கள்) செய்வதும் இதையே. ஆலாபனையிலும் (தாளமின்றி ராகத்தை விரிப்பது) வயலின் பாடகரின் பிடியைக் கொஞ்சம் பின்னால் தொட்டுக்கொண்டே வந்து, பிறகு தன் முறையில் அவரைவிடக் குறைந்த நேரத்தில் அதே ராகத்தைக் காட்டும். பாடகர் மூச்சு விடும் இடம் வயலினுக்கு இடம். அந்த இடத்தை விடாமல் பாடிக்கொண்டே போகிறவர் குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மேடைக்குத் தலைமை தாங்கவில்லை.

வரலாறு பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள், பரதம் எப்போதுமே தனி ஆட்டம்தானா என்று. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானா என்ற தனி ஆட்ட வரிசையை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் ஒழுங்குபடுத்தினர் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பரதத்தின் பழைய பெயரான சதிர் மேடையில் இசைக்காரர்கள் ஆடுபவருக்குப் பின்னால் நின்றே வாசித்தார்கள் என்பதற்கும் பழைய படங்கள் சாட்சி. அவர்களைப் பக்கவாட்டில் உட்கார வைக்கும் இன்றைய முறையை, 1936-இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவியின் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். எப்போதுமே தனி என்பது மட்டும் சரியல்ல. குறவஞ்சி நாடகங்களைக் கோயில்களில் பலர் சேர்ந்து ஆடியிருக்கிறார்கள். சிதம்பரம் கோபுர வாயில்களில் இருக்கும் 108 கரணச் (நாட்டிய நிலைகள்) சிற்பங்களிலிருந்தே இன்றைய அடவுகள் நேரடியாக வந்தன என்று மேடை அறிவிப்புகளில் உறுதியாகச் சொல்வார்கள். அது ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கும் விஷயம். மகள் அங்கே போகும்போது அந்தச் சிற்பங்களைப் பார்க்கட்டும், இடுப்பின் வளைவையும் முழங்காலின் மடிப்பையும் கவனிக்கட்டும். வம்சாவளி முடிவாகாவிட்டாலும் கண்ணுக்குப் பாடம் உண்டு.

நான் சொன்னதெல்லாம் பரதத்துக்கும் கர்நாடகக் கச்சேரிக்கும் உரியது. நம் மாவட்டத்துத் தெருக்கூத்துக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. அங்கே வேடம் கட்டியவர் திரைக்குப் பின்னிருந்து தானே பாடிக்கொண்டு வருவார். பின்பாட்டுக்காரர்கள் வரியைப் பிடித்துக்கொள்ள, அவர் சுழன்று ஆடுவார். பாட்டும் ஆட்டமும் ஒருவர் கையிலேயே இருப்பதால் சைகையின் தேவை வேறு மாதிரி. பதிவு செய்த இசைக்கு ஆடுவதும் வேறு. வரி எத்தனை முறை என்பது பென்டிரைவில் முடிவாகிவிட்டதால், மேலே சொன்ன பாதி வேலை அதில் இல்லை. அந்த அளவுக்கு அதைப் பாதித் தனி என்றே நினைக்கிறேன். நேரடி இசை கிடைத்திருப்பது உங்கள் மகளின் அதிர்ஷ்டம்.

ஆசிரியரிடம் இப்போதே கேட்க வேண்டியது, இசைக்குழுவோடு எத்தனை ஒத்திகை என்பது. குறைந்தது இரண்டு வேண்டும், இரண்டாவது முழு உடையில். ஒன்றுதான் முடியும் என்றால் அலாரிப்பையும் தில்லானாவையும் நட்டுவாங்கத்தோடு மட்டும் வகுப்பில் முடித்துவிட்டு, அந்த ஒரு ஒத்திகை நேரம் முழுவதையும் பதத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பாடுபவர் அவள் கையைப் படிக்கப் பழக வேண்டியது அதில்தான். அன்று சலங்கையின் நாடாக்களையும் இழுத்துப் பாருங்கள். ஒன்று அவிழ்ந்தாலும் உருப்படி முடியும்வரை குனிந்து கட்டக் கூடாது, தொடர்ந்து ஆட வேண்டும் என்பதை வீட்டிலேயே ஒரு முறை அவிழ்த்துவிட்டு ஆட வைத்துப் பழக்கிவிடுங்கள்.